காகிதமில்லாத புத்தகம்

'கிரேடில் டு கிரேடில்', அதாவது தொட்டிலிலிருந்து மறுபடியும் தொட்டிலுக்கு, என்ற ஆங்கிலப் புத்தகம் 2002-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் வில்லியம் மெக்டனோ என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரும், மைக்கேல் பிரௌன்கார்ட் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணரும். ஒரு பொருள் தேய்ந்தபின் மண்ணுக்கு உரமாக வேண்டும். இல்லையேல் குணம் கெடாமல் ஆலைக்குத் திரும்ப வேண்டும். செய்யும்போதே இதை யோசித்துவிட வேண்டும் என்பது வாதம்.

வாதத்தைவிட எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்து நெசவாலைக் கதை. நாற்காலித் துணிக்காக ஏறக்குறைய 8,000 ரசாயனங்களைச் சலித்து 38-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்களாம். வெளியேறிய தண்ணீர் அவ்வளவு சுத்தம். சோதிக்க வந்தவர்கள் தங்கள் கருவிதான் கெட்டுவிட்டதென்று நினைத்தார்களாம். நாவலாசிரியனுக்குச் சுலபத்தில் கிடைக்காத காட்சி!

ஆனால் புத்தகத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மரத்தை வெட்டக் கூடாதென்று முதற்பதிப்பைப் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டார்கள். நனையாது; உருக்கி மறுபடி புத்தகமாக்கலாம் என்கிறார்கள். எங்கே கொடுத்து உருக்குவது? என் பிரதியைத் தெருவில் வந்த பழைய பேப்பர்காரரிடம் நீட்டினேன். தடவிப் பார்த்தார். "இது பேப்பர் இல்லை சார், கடையிலே எடுக்க மாட்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொருளோடு அது திரும்பி வரும் வழியையும் சேர்த்தல்லவா வகுத்திருக்க வேண்டும்? அந்த வழி எங்கள் தெருவரை வரவில்லை. கனமும் அதிகம்; படுத்துக்கொண்டு படிக்க முடியவில்லை.