கரையோரத்துக் கப்பல்

மூழ்கிய கப்பலைப் பார்க்க நடுக்கடலுக்குப் படகேற வேண்டும் என்றுதான் நினைப்போம். பாலித் தீவின் துலாம்பென் கரையில் அது தேவையில்லை. முக்குளிப்புக்கான காற்றுச் சிலிண்டரைச் சும்மாட்டில் வைத்துச் சுமந்துவரும் உள்ளூர்ப் பெண்களைப் பின்தொடர்ந்து, கூழாங்கற்களில் நடந்து, அலையில் இறங்கிக் கொஞ்சம் நீந்தினால் போதும். 5 மீட்டர் ஆழத்திலேயே ‘லிபர்ட்டி’ கண்ணில் படும்.

அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல் அது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியிடம் அடிபட்டது. இழுத்துவந்து இங்கே கரைதட்ட வைத்தார்கள். 1963இல் அகுங் எரிமலை குமுறியபோது கடலுக்குள் சரிந்தது.

இன்று இரும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். விலா எலும்பாய் நிற்கும் சட்டங்களை மென்பவளமும் கடல்விசிறியும் மூடிவிட்டன. டார்ச் அடித்தால் சாம்பல் நிறம் சட்டெனச் சிவப்பாகும். ஆழத்து நீர் விழுங்கிய நிறம் அது. பக்கத்துக் கருமணலில் தோட்ட விலாங்குகள் புல் முளைத்தாற்போலத் தலைநீட்டி ஆடும். நெருங்கினால் ஒவ்வொன்றாய் உள்ளே போய்விடும், மணல் மொட்டையாகிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவை நெற்றி புடைத்த கிளிமீன்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் அவை, இரவெல்லாம் கப்பலின் மறைவில் உறங்கி, விடிந்ததும் மந்தையாகக் கிளம்பும். பவளத்தை அலகால் கடித்து மணலாகக் கழிக்கும். நீருக்கடியில் அந்தக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

போகிறவர்கள் விடியலிலேயே இறங்குங்கள். துடுப்புக்கால் பவளத்தில் படாமல் நீந்துங்கள்.