வில் திரும்பும் இடம்

தியாகராஜரின் ‘நகுமோமு’ ஆபேரி ராகத்தில், ஆதி தாளத்தில் அமைந்தது. ராமனின் சிரித்த முகத்தைக் காணாத தவிப்பைத் தவிர அதில் வேறு விஷயமே இல்லை. சரணத்தில் அந்தத் தவிப்பு கேள்வியாக மாறுகிறது: கருடன் ஏன் இன்னும் வரவில்லை, தூரத்தை நினைத்துத் தயங்கினானா? பிச்சாட்டூர், நாகலாபுரம் பக்கத்தில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாகப் புழங்கும் ரசிகருக்கு இந்தத் தெலுங்குக் கேள்வி உரை இல்லாமலே புரியும். ஆனால் வயலினுக்கு வாய் இல்லை. லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூன்று வயலின் கலைஞர்களின் பாணிகளையும் இந்த ஒரு கீர்த்தனையில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் இடக்கை விரல்களில் இருப்பதைவிட வில் எங்கே திரும்புகிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பேன்.

ஆபேரி ஏறும்போது ரிஷபமும் தைவதமும் கிடையாது. இறங்கும்போதுதான் அவை வரும். ஆகவே ஏற்றத்தில் தாண்டல், இறக்கத்தில் குழைவு. எம்.எஸ்.ஜி., தந்தை பரூர் சுந்தரம் அய்யரிடம் கற்றவர், இந்துஸ்தானியிலும் ஊறியவர். நீண்ட வில்லில், ஒரே விரலைத் தந்தியில் வழுக்கிக்கொண்டு போய், அந்தத் தாண்டலையே ஒரு பெருமூச்சாக்கிவிடும் பாணி அவருடையது. பல்லவியில் சங்கதி சங்கதியாக மேலே போகும் ஏக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு இல்லை. டி.என். கிருஷ்ணன் பாடகர் செம்மங்குடியிடம் பாடம் கேட்டவர். அவருடைய நாதத்தில் அழுக்கு என்பதே கிடையாது. தைவதத்தில் இறங்கும்போதுகூட அவர் உருகிவிடுவதில்லை. நிதானமாக நின்று நகர்கிறார். அவர் கையில் தவிப்பு பிரார்த்தனையாகிறது. தியாகராஜரின் சீடர் பரம்பரையில் வந்த லால்குடியோ வில்லைச் சாகித்யத்தின் எழுத்துக்கேற்பத் திருப்புகிறார். குறிலுக்குச் சிறு வெட்டு, நெடிலுக்கு இழுப்பு, சொல் முடியும் இடத்தில் ஒரு மெல்லிய விடுதல். சரணத்தின் கேள்வி கேள்வியாகவே காதில் விழுகிறது.

சொல்லே இல்லாத வாத்தியத்தில் சாகித்யம் கேட்கிறது என்பது பாட்டை முன்பே அறிந்தவரின் கற்பனை அல்லவா என்று கேட்கலாம். தெலுங்கு தெரியாதவரும் இந்த ஆபேரியில் கரைந்துபோகிறார் என்பதும் உண்மை. ராகத்தின் ஏக்கத்துக்கு மொழி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஏக்கம் வேறு, கேள்வி வேறு. சரணத்தின் அடியை ஒரே நீண்ட வில்லில் வழித்துவிட்டால் ஸ்வரம் ஒன்றும் குறையாது. ஆனால் சொல்லுக்குச் சொல் இருக்கும் இடைவெளி போய்விடும், அதோடு கேள்வியின் தொனியும் போய்விடும். பாட்டை அறியாதவருக்கும் யாரோ எதையோ கேட்டு நிறுத்துகிறார் என்ற உணர்வைத் தருவது அந்த இடைவெளிதான். அது வில்லின் வேலை, கற்பனை அல்ல. லால்குடியிடம் நகாசு அதிகம் என்ற குறையும் உண்டு. பல்லவியைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது, அங்கே எம்.எஸ்.ஜி.யின் நேரான நீளம் மேலானது. இசை எந்த மனநிலையில் முடிய வேண்டும் என்று கேட்டால் கிருஷ்ணனின் அமைதியையே பலரும் தேர்ந்தெடுப்பார்கள், அதுவும் குறைந்ததல்ல. ஆனால் இந்தக் கீர்த்தனையின் உயிர் அதன் சரணத்தில் இருக்கிறது. அங்கே லால்குடிக்குத்தான் முதலிடம். மூவரின் ஒலிப்பதிவுகளையும் தேடி, சரணத்தை மட்டும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.