மதப் பிழையை யார் திருத்துவது?

புசல்லாவைத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் மாதா சொரூபமும் தலைமுறைகளாக அடுத்தடுத்து இருக்கின்றன. லயத்து அறைகளில் ஜெபக்கூட்டங்கள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் சச்சரவு. பிழையான போதனையைத் தடுப்பது சபையின் வேலையா, அரசின் வேலையா?

அரசின் வேலை என்றது, 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவின் ஓமல்பே சோபித தேரர் கொண்டுவந்த சட்டமூலம். பலவந்தமாகவோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை. அதன் கவலை பொய்யல்ல. நாட்சம்பளக் குடும்பத்திடம் அரிசியையும் வேதப்புத்தகத்தையும் ஒரே கையால் நீட்டுவது அநியாயம்தான். ஆனால் மதம் மாறியவரும் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது அதன் மூன்றாம் வாசகம். கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, கந்தோர் வாசலில் காத்து நின்று, தான் இனி யாரைக் கும்பிடப் போகிறாள் என்று பதிந்து வர வேண்டுமாம்! அந்த வாசகம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

அரசு மதத்தைத் திருத்தப் போவதை இலங்கை முன்பே பட்டுப் பார்த்திருக்கிறது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் ஒல்லாந்தர் கட்டளையிட்டார்கள். பதவியும் சொத்துரிமையும் வேண்டியவர்கள் அவர்களுடைய சபையில் பெயர் பதிந்தார்கள். 1796இல் ஒல்லாந்தர் போனதும் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கரைந்துவிட்டன. கத்தோலிக்கம் நிலைத்தது. ஒல்லாந்தர் ஆட்சிக்கு வெளியே இருந்த கண்டிக்கு 1692இல் வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகளை ஒற்றன் என்று சிறைப்பிடித்த அதே கண்டி அரசு, பிறகு அவரைப் போதிக்க விட்டது. அதன் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன், ஆனாலும் விட்டான்.

சபையின் கை மட்டும் சுத்தமா? திஸ்ஸ பாலசூரிய அடிகளை, மரியாளைப் பற்றி எழுதிய நூலுக்காக, 1997 ஜனவரியில் வத்திக்கான் சபைக்குப் புறம்பாக்கியது. எழுபது கடந்த குருவுக்கு அது கொடுமை. விசாரணை முறையும் நியாயமாக இருக்கவில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் எந்தப் பொலிஸும் அவர் கதவைத் தட்டவில்லை, அவருடைய குடியுரிமையில் ஒரு துளியும் குறையவில்லை. ஓராண்டில் பேசித் தீர்த்து, தடையை நீக்கினார்கள். சிறைத் தண்டனையை அப்படித் திருப்பி எடுக்க முடியாது.

ஜெபவீட்டுக்குக் கல்லெறிபவனையும் ஏமாற்றிப் பணம் பறிக்கும் போதகனையும் பிடிக்கத் தண்டனைச் சட்டக்கோவையே போதும். அரிசி விஷயத்தில் முதலில் பேச வேண்டியவை சபைகள்: நிவாரணப் பட்டியலையும் ஞானஸ்நானப் பட்டியலையும் வேறு வேறு ஆட்கள் வைத்திருக்கட்டும். மாரியம்மன் கோயில் கமிட்டியையும் கூப்பிட்டு, நிவாரணத்தை அவர்கள் கண்முன்னே பங்கிடட்டும்.