142 சென்ட்டில் நிறுத்துங்கள்

பொருளாதாரம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று புலம்பும் ஆசிரியர்கள்கூட ‘டிரேடிங் பிளேசஸ்’ பக்கம் போவதில்லை. 1983-ல் வந்த அமெரிக்க நகைச்சுவைப் படம்; இயக்கம் ஜான் லாண்டிஸ். பிலடெல்பியாவில் தரகு நிறுவனம் நடத்தும் டியூக் சகோதரர்கள், ஒரே ஒரு டாலர் பந்தயத்துக்காகத் தங்கள் மேலாளரை (டான் அக்ராய்ட்) தெருவுக்குத் துரத்தி, தெருவில் பிச்சையெடுத்த ஏமாற்றுக்காரனை (எடி மர்பி) அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.

அடிப்படைக்கு ஒரு காட்சி போதும். காபி, கோதுமை, ஆரஞ்சுச் சாறு என்று எதிரில் வைத்துச் சகோதரர்கள் பாடம் எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் ஜெயித்தாலும் தோற்றாலும் கமிஷன் உண்டு என்றதும், இது சூதாட்டத் தரகு வேலைதானே என்று மர்பி பிடித்துவிடுகிறார். முன்பேர வர்த்தகம் பற்றிய முதல் வகுப்பு அங்கேயே முடிந்தது.

உண்மையான பாடம் கடைசியில். வேளாண் துறையின் ஆரஞ்சு விளைச்சல் அறிக்கையை, வெளியாகும் முன்பே திருடித்தர டியூக்குகள் ஆள் வைக்கிறார்கள். இப்போது கைகோத்துவிட்ட நாயகர்கள், அக்ராய்டும் மர்பியும், அதைத் தட்டிப் பறித்து, போலி அறிக்கையை அவர்கள் கையில் சேர்க்கிறார்கள். அதை நம்பி டியூக்குகள் வாங்கிக் குவிக்க, சந்தையில் உறைந்த சாற்றின் விலை பவுண்டுக்கு 142 சென்ட் தொட்டதும், நாயகர்கள் கையில் இல்லாத சரக்கை விற்கத் தொடங்குகிறார்கள். உண்மை அறிக்கை வந்ததும் விலை 29-க்குச் சரிகிறது. மலிவாக வாங்கிக் கணக்கை முடிக்கிறார்கள்.

‘பேராசை பெருநஷ்டம்’ என்று சொல்லிவிட்டு வகுப்பை முடிப்பது மேம்போக்கு. இல்லாத சரக்கை முதலில் விற்பது குற்றமே அல்ல; அறுவடைக்கு முன்பே விலை பேசும் விவசாயியும் வருங்காலச் சரக்கைத்தான் விற்கிறார். விலை இறங்கும் என்று கணித்து விற்பவர், கணிப்பு தப்பினால் தன் பணத்தை இழப்பார். திருட்டு அறிக்கை வைத்திருப்பவருக்கு அந்த ஆபத்தே இல்லை. கணிப்பது வேறு, களவாடித் தெரிந்துகொள்வது வேறு. ஒரு வாரத்தில் டிரேடராகலாம் என்று கூவும் ரீல்ஸ் ஆசாமிகள் இதைத் தொடுவதே இல்லை.

அமெரிக்கச் சட்டமே இதற்கு 2010 வரை காத்திருந்தது. கசிந்த அரசுத் தகவலைக்கொண்டு சரக்குச் சந்தையில் வியாபாரம் செய்வதைத் தடுக்க அன்று வந்த பிரிவுக்கு ‘எடி மர்பி விதி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு விஷயம், உங்களுக்கு மட்டும்: டியூக்குகள் வாங்குவதைப் பார்த்து மற்ற தரகர்களும் முண்டியடித்து வாங்குவார்களே, அவர்களைக் கவனியுங்கள். எந்தப் பாவமும் செய்யாமல் பணம் இழப்பவர்கள் அவர்கள்தான். நாயகர்களுக்குக் கைதட்டும் வகுப்பின் கண்ணில் அவர்கள் படுவதேயில்லை.

முழுப் படத்தையும் போட வேண்டாம். நிர்வாணக் காட்சிகளும், முகத்தில் கறுப்பு பூசிய அருவருப்பான ரயில் காட்சியும் இருக்கின்றன. சந்தைக் காட்சியை மட்டும் போடுங்கள். 142 வந்ததும் நிறுத்தி, இந்த அறையில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.