டாக் பாக்ஸின் பாஞ்சோ வாசிப்பு: ஒலிப்பதிவு வழிக் கற்றல்

டாக் பாக்ஸ் (1898–1971) அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நார்ட்டன் பகுதியைச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பாடகர், பாஞ்சோ கலைஞர். 1927இல் நியூயார்க்கில் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காக எட்டுப் பாடல்களைப் பதிவு செய்தார். ஹாரி ஸ்மித் 1952இல் வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் அவற்றுள் இரண்டு இடம்பெற்றன. அவரை நேரில் காணாத இளைஞர்கள் இப்பதிவுகளைக் கேட்டே அவரது வாசிப்பைப் பழக முயன்றனர்.

இசைத்தட்டில் சுரம் கேட்கும். அதை மீட்டியது எந்த விரல் என்பது தெரியாது. அம்மலைப் பகுதியில் பலரும் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து வாசித்தனர். பாக்ஸ் கட்டைவிரலோடு மேலும் இரு விரல்களைச் சேர்த்து, தந்திகளை மேல்நோக்கிச் சுண்டினார். பாடலுக்கேற்பச் சுருதி அமைப்பையும் மாற்றினார். அதைக் கண்டறியாமல் விரல்களைத் தேடுவது வீண்வேலை.

1963இல் மைக் சீகர் அவரைத் தேடிக் கண்டார். அதன்பின் ஃபோக்வேஸ் வெளியிட்ட பதிவுகளில் ஒவ்வொரு தந்தியும் தெளிவாக ஒலிக்கிறது. கற்பவர் இவற்றில் தொடங்கி, 1927க்குப் பின்னோக்கிச் செல்வதே எளிது. வேகம் குறைக்கும் மென்பொருளும் உதவும். எழுதிவைத்த விரற்குறிப்பை மட்டும் நம்புவோரின் வாசிப்பில் சுரம் சரியாக இருக்கும், பாட்டு இருக்காது. ஏனெனில் பாக்ஸின் பாஞ்சோ பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்பதில்லை. குரலின் மெட்டையே சுரம் சுரமாகத் தொடர்கிறது. கூடவே பாடிப் பழகினால்தான் அந்த இணக்கம் பிடிபடும்.