முன்னுரை யாருடையது?

அடிமைத்தளையை அறுத்து ஓடிவந்தவன் மேடையேறுகிறான். அவன் முதுகின் தழும்பைக் கண்டு கண்ணீர் வடிக்கக் கூட்டம் காத்திருக்கிறது. அவன் வாயிலிருந்து கருத்து வந்தாலோ, கூட்டத்தை நடத்துவோர்க்கே கலக்கம் பிறக்கிறது! பிரடெரிக் டக்ளஸ் எழுதிய நூல்களைப் படிப்போர், அடிமைமுறையின் கொடுமையோடு இந்தக் கலக்கத்தையும் ஊன்றிப் பார்த்தல் வேண்டும் என்போம் நாம்.

டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்தவர், 1838-இல் தப்பியவர். 1841-இல் நான்டக்கெட் தீவில், அடிமை ஒழிப்பு மாநாட்டில் ஆற்றிய உரையே அவரை இயக்கத்தின் சொற்பொழிவாளராக்கிற்று. ஊர் ஊராய்ச் சென்றார், பட்டதைச் சொன்னார். சொன்னதையே சொல்லிச் சலித்தது உள்ளம், சிந்தனை விரிந்தது, கொடுமையை விவரிப்பதோடு நில்லாது கண்டிக்கவும் விழைந்தார். தடுத்தவர்கள் நண்பர்களே! நடந்ததைக் கூறினால் போதும், தத்துவத்தைத் தாங்கள் கவனித்துக்கொள்வதாக ஜான் காலின்ஸ் சொன்னாராம். பேச்சில் தோட்டத்து வாடை சற்றே இருக்கவேண்டுமாம்; மிகப் படித்தவராய்த் தோன்றலாகாதாம்!

இவர்கள் பகைவரல்லர். இயக்கத் தலைவர் காரிசன், 1835-இல் பாஸ்டன் தெருவில் வெறிக்கும்பலால் கயிறு கட்டி இழுக்கப்பட்டவர். அத்தகைய தீரர்கள் நடத்திய இயக்கத்திலேயே, அடிமையாயிருந்தவன் சான்றுரைக்கலாம், தீர்ப்புரைப்பது நம் பணி என்ற எண்ணம் குடியிருந்ததே, அதுதான் நம்மை உறுத்துகிறது.

அவர்கள் அச்சத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. இத்துணைத் தெளிவாய்ப் பேசுபவர் அடிமையாய் இருந்திருப்பாரா என்று கேட்போர் ஐயுற்றனர். அதை அகற்ற, 1845-இல் தம் வரலாற்றை வெளியிட்டார் டக்ளஸ்; ஆண்டைகளின் பெயரையும் ஊரையும் அச்சேற்றினார். விளைவு? பிடிபடும் ஆபத்து வந்தது. கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் செல்ல நேர்ந்தது. நம்பவைப்பதற்கு அவர் கொடுத்த விலை அது! அந்நூலின் முகப்பில் காரிசனின் முன்னுரை. அடுத்து வெண்டல் பிலிப்சின் கடிதம். கறுப்பர் ஒருவரின் சொல்லுக்கு வெள்ளையர் இருவர் பிணை நின்றனர்.

அந்நூலில் சாட்டையடியைக் காட்டும் பக்கங்களைவிட, பாட்டைப் பற்றிய பக்கங்களையே நாம் பெரிதும் போற்றுகிறோம். அடிமைகள் பாடுவதைக் கேட்டு, மனநிறைவோடு வாழ்கிறார்கள் என்று வடபுலத்தார் சிலர் பேசினர். அவை துயரத்தின் குரல் என மறுக்கிறார் டக்ளஸ். பட்டவன் நான், எனக்குத் தெரியும் என்று சொல்லி முடித்திருக்கலாம். மாறாக, அவர்களுள் ஒருவராய் இருந்தபோது அவற்றின் ஆழ்ந்த பொருள் தமக்கே விளங்கவில்லை என்கிறார்! பட்டறிவு, பகுத்தறிவின் உலையில் காய்ந்த பின்பே பொருள் துலங்கிற்று. உலை மூட்டியவர் யார்? பட்டவரே! பட்டறிவு ஓரிடம், பகுத்தறிவு வேறிடம் எனப் பங்கு பிரித்த காலின்சுக்கு வேறு மறுப்பும் வேண்டுமோ? பட்டவன் சொன்னால் ஆராயாமலே ஏற்பதா என்று வினவும் நம் பகுத்தறிவுத் தோழர்க்கும் இங்கேயே விடை உண்டு: ஆராய்க, ஆராயும் அவையில் அவனுக்கும் இருக்கை தருக.

1847-இல் ராச்சஸ்டரில் சொந்த ஏடு தொடங்கினார், காரிசன் விரும்பவில்லை. அமெரிக்க அரசியல் சட்டம் அடிமைமுறைக்கு அரண் என்னும் காரிசனின் கொள்கையை 1851-இல் கைவிட்டார், நட்பு முறிந்தது. 1855-இல் இரண்டாம் நூல் வந்தது. காலின்சின் அறிவுரையை உலகுக்கு உரைத்தது இந்நூலே. விறுவிறுப்பில் முன்னதற்கு ஈடாகாது. சில இடங்களில் நீள்கிறது. ஆயினும் சிந்தனையாளர் டக்ளசைக் காண விழைவோர் இதைத்தான் தேடவேண்டும். இதற்கு முன்னுரை வரைந்தவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித்: அமெரிக்கக் கல்லூரிகள் கதவடைத்தமையால் ஸ்காட்லாந்து சென்று, 1837-இல் கிளாஸ்கோவில் மருத்துவப் பட்டம் பெற்ற கறுப்பர். அவரும் அடிமையாய்ப் பிறந்தவரே.