பதிப்பாளர் இல்லாத புத்தகம்

மின்னூல் போடுவது எளிது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் முன்பே வாசகரைச் சம்பாதித்தவர்கள். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ நாவல்களை நாளுக்கொரு அத்தியாயமாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தபோது, அதைத் திறந்து பார்க்க ஒரு கூட்டம் தயாராக இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருந்துகொண்டு முதல் கதைத் தொகுப்பை முடித்திருக்கும் ஒருவருக்கு அந்தக் கூட்டம் கிடையாது. அந்த மலையில் நின்று பார்த்தால், மின்னூல் விளம்பரங்களில் சொல்லாத சில சங்கதிகள் தெரிகின்றன.

கைக்காசு போட்டும் கையொப்பம் சேர்த்தும் நூல் கொண்டுவருவது தமிழுக்குப் பழக்கம்தான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது நூலை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே கையொப்பம் வாங்கி. பாரதி 1920இல் தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படி அச்சிடத் திட்டம் போட்டு, கடன் கேட்டு அன்பர்களுக்கு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே இறந்துபோனார். இருவருக்கும் முன்னால் நின்றது அச்சுச் செலவு. மின்னூல் அந்த ஒரு தடையைத்தான் எடுத்தது. பதிப்பாளர் பார்த்துவந்த மெய்ப்பு, அட்டை, விலை, விநியோகம், வரி எல்லாம் எழுதியவர் தலையில் வந்து விழுந்தன.

இணைய மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது அதன் கவனம் பழைய இலக்கியங்கள்மேல் இருந்தது. இன்று எழுதுகிறவர்களுக்குக் கதவு திறந்தது பிறகுதான். த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை இலவசமாகத் தருகிறது. 2014இல் பெங்களூரில் பிரதிலிபி என்ற கதைத் தளம் வந்தது. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் தமிழை ஏற்றது. வாசல்கள் இத்தனை இருந்தும், புது எழுத்தாளர் முதலில் தடுக்கி விழுவது எழுத்துருவில்.

டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய கோப்பு பல நேரம் பழைய எழுத்துருவில்தான் இருக்கும். தமிழக அரசு 2010இல் யூனிகோடுக்கு மாற ஆணையிட்டும் அச்சுத் தொழிலில் பழைய பழக்கம் விடவில்லை. பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால், மெய் பின்னால். யூனிகோடில் நேர் எதிர். எழுத்துரு மாற்றி சரியாக வேலை செய்யாவிட்டால் ‘தேன்’ என்பது ‘ேதன்’ ஆகி, கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இது கண்ணில் படுகிற பிழை, திருத்திவிடலாம். கண்ணில் படாதது இன்னும் மோசம். ‘கொள்ளு’ என்ற சொல்லில் காலை முதலிலும் கொம்பைப் பிறகும் அடித்திருப்பார்கள். சில திரைகளில் வித்தியாசம் தெரியாது; தேடுபொறிக்கோ அது வேறு சொல். தலைப்பிலேயே இப்படி நேர்ந்தால், பெயரைச் சரியாக அடித்துத் தேடுகிறவருக்குப் புத்தகம் அகப்படாது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்களையும் கணக்கில் வைக்க வேண்டும். தமிழ்த் தலைப்பை இரண்டு எழுத்திலும் கொடுக்காத புத்தகம் பாதி வாசகரை இழக்கிறது.

அடுத்தது மொழி. கதைமாந்தர் இம்மலையின் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சில் பேசினால் பிழைதிருத்தி பக்கமெங்கும் சிவப்புக் கோடு போடும். நல்ல பதிப்பகமென்றால் எது பிழை, எது வட்டார வழக்கு என்று பிரித்துப் பார்க்க ஒரு மெய்ப்பாளராவது இருப்பார். சமவெளிப் பேச்சுக்குக் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி இருக்கிறது. மலைப் பேச்சில் எழுதுகிறவர் தன் காதைத்தான் நம்ப வேண்டும். சிவப்புக் கோட்டுக்குப் பயந்து பொதுத்தமிழுக்கு மாற்றிவிட்டால் அந்தப் புத்தகம் எதற்கு?

மலைகளைப் பற்றி இதுவரை அதிகம் எழுதியவர்கள் மலைகளுக்கு வெளியே இருப்பவர்கள். கொல்லிமலை மக்களைப் பற்றிய ‘சங்கம்’ நாவலை எழுதிய கு. சின்னப்ப பாரதியும் அம்மலையின் பழங்குடியைச் சேர்ந்தவரல்லர். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது மலையின் பெயர் செய்திகளில் அடிபட்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மலைக்காரர்களே எழுத வேண்டிய விஷயம் இவ்வளவு இருக்கிறது.

அப்படி எழுதுகிறவருக்குக் கிண்டில் என்ன தருகிறது? 70 சதவீத ராயல்டி என்பது கவர்ச்சியான எண். இந்திய விற்பனையில் அது கிடைக்க வேண்டுமானால் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும், இலவசமாகக்கூட, இருக்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். 70 சதவீதத்திலும் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புக் கட்டணம் பிடிப்பார்கள். மலைவாழ்வைப் படங்களோடு சொல்ல நினைப்பவருக்கு ஒவ்வொரு படமும் செலவு. சந்தா வாசகர் படித்தால் பக்கக் கணக்கில் பணம்: அந்த மாதத்து நிதியை, படிக்கப்பட்ட பக்கங்களின் விகிதத்தில் பங்கு பிரிக்கிறார்கள். அறுநூறு பக்கக் குடும்ப நாவலை மாதாமாதம் எழுதுகிறவருக்கு இந்த ஏற்பாட்டில் பணம் கொழிக்கும். எண்பது பக்கத்தில் அடங்கிவிடும் கதைத் தொகுப்புக்கு, அது எத்தனை நன்றாக இருந்தாலும், சில்லறைதான் தேறும். குடும்ப நாவல்களைக் குறை சொல்லவில்லை. அவற்றின் ஆசிரியைகள் வாசகரைத் தேடிப்போய்ச் சேர்த்தவர்கள். சட்டை அவர்கள் அளவுக்குத் தைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

2023 செப்டம்பரில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதுத் தலைப்புகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கிண்டில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய புத்தகங்கள் குவிந்ததன் விளைவு. நாளைக்கு மூன்று என்பதே கட்டுப்பாடாகத் தெரிகிற ஒரு கடைத்தெருவில் பல வருடம் உழைத்த ஒரு தொகுப்பு தனியாகத் தெரிய வழியில்லை. டெலிகிராமில் திருட்டுப் பிரதி சுற்றுவது தனிக்கதை. புது எழுத்தாளருக்கு அந்தப் பயம் தேவையில்லை; திருடப்படவும் ஆள் அறிந்திருக்க வேண்டும்.

மலையிலேயே யார் படிப்பார்கள் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. சிக்னல் எட்டாத சிற்றூர்கள் மலையில் உண்டு. மின்னூல் சிங்கப்பூருக்கு நொடியில் போய்ச்சேரும், அது எந்த ஊரைப் பற்றியதோ அங்கே போகாது. தமிழ்ப் பதிப்புத் தொழிலைத் தாங்கும், அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையும் அச்சு நூலை நம்பியது.

ஆகவே முதல் நூலைத் தொண்ணூறு நாள் கட்டுக்குள் அடைப்பது நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது. இலவச உரிமத்தில் மின்னூலாக விட்டு, கூடவே நூறு பிரதி அச்சடிப்பது மேல். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. கள்ளக்குறிச்சியில் விற்க ஒரு மேசை கிடைத்தாலும் போதும். மலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் தலா ஒரு பிரதி கொடுக்கலாம். ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை காசு வாங்காமல் தருகிறது. பிறகு எப்போதாவது மின்னூலுக்கு விலை வைக்கத் தோன்றினால் அந்த அச்சுப் பிரதி வேறொரு விதத்தில் உதவும்: 2018 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம் மின்னூலுக்கான வரியை 18லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது, அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு மட்டும்.